அனுமதி கேட்காத திரை

வகுப்பில் படித்ததையும் கடையில் நடந்ததையும் ஒரே இடத்தில் எழுதிவைப்பது என் வழக்கம். இந்த விஷயத்தில் எது முதலில் நடந்தது, எது பிறகு என்று வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். ஆகவே மெஷினிலிருந்து தொடங்குகிறேன்.

என் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில், லென்ஸ் அரைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொந்த புத்தி கிடையாது. பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டர் பிரேமின் வடிவத்தைச் சொல்லும். அது லென்ஸைச் சுற்றிச் சுற்றி அரைத்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். அரைக்க அரைக்க சாணைச் சக்கரம் தேயும். தேய்ந்த சக்கரத்தில் லென்ஸ் கொஞ்சம் பெரிதாக வரும், பிரேமுக்குள் நுழையாது. அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் ‘அளவுத் திருத்தம்’ என்று ஓர் எண் இருக்கிறது. காலையில் ஒரு வீண் லென்ஸை அரைத்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து, அந்த எண்ணைப் போட வேண்டும். மைனஸ் முப்பத்தைந்து என்று போட்டால், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் முப்பத்தைந்து பங்கு குறைத்து அரைக்கும். நாலைந்து தலைமுடி கனம்தான். ஆனால் லென்ஸ் உட்காருவதும் விழுவதும் அதில்தான்.

அந்த எண்ணைப் போடுவது முக்கால் அண்ணன். எப்போது கேட்டாலும் “முக்கால்வாசி முடிஞ்சிருச்சு” என்பதால் அந்தப் பெயர். காலையில் அவர் அரைப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் பிரேம் பூட்டும் வேலையில் இருக்கும்போது, அத்தை அரைப்பார். நான் முன்பக்கம் கவுண்டரில் இருப்பேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் நிர்வாக வகுப்புக்குப் போவேன். அந்த வகுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். அல்லது அதை நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டது காரணம்.

அதுவரை கம்ப்யூட்டரில் ‘கடை’ என்று ஒரே ஒரு கணக்குதான் இருந்தது. வாங்கிய நாளில் யாரோ முதலில் உண்டாக்கியது. முதலில் உண்டாகும் கணக்கு தானாகவே அட்மின் ஆகிவிடும். அதனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் அட்மின். ஒரு நாள் யாரோ இலவசக் காலண்டர் ஒன்றை இறக்கிவிட்டார்கள். அதிலிருந்து “வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்” என்று ஒரு பெண் குரல் கடை முழுக்கக் கேட்கும்படி கத்த ஆரம்பித்தது.

“என்னத்தடா வென்றோம்?” என்றார் மாமா. “பாப்பா, படிக்கிறியே, இதுக்கு ஒரு வழி பண்ணேன்.”

ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம் என்றேன். யார் அட்மின், யார் சாதாரணம் என்று முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

“அட்மின்னா முதலாளி மாதிரியா?”

“அப்படி இல்ல மாமா. புதுசா புரோகிராம் போடலாம், எல்லாருக்கும் பொதுவான அமைப்ப மாத்தலாம், மத்தவங்க கணக்கத் திறக்கலாம்...”

“அதத்தான நானும் சொல்றேன். முதலாளி. அப்ப நான், உங்க அத்தை, நீ. மூணு பேர்.”

“முக்கால் அண்ணன்?”

“அவனுக்கு எதுக்கு? லென்ஸ் வெட்டத்தான வந்தான்.”

மூன்று பேரே அதிகம் என்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மாமாவிடம் எதைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் கவுண்டருக்குப் போய்விட்டார். நான் பழைய ‘கடை’ கணக்கை நீக்கிவிட்டு அப்படியே செய்தேன். கூடவே, முன்பு யாரோ தொந்தரவு என்று அணைத்துவைத்திருந்த பாதுகாப்புக் கேள்வியையும் மறுபடி இயக்கினேன். ‘இந்தப் புரோகிராம் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?’ என்று திரை மங்கி ஒரு கேள்வி வருமே, அது. எங்கள் மூவரின் கணக்கிலும் லென்ஸ் புரோகிராம் அட்மின் உரிமையோடு திறக்கும்படி டிக் போட்டேன். முக்கால் அண்ணனின் கணக்கில் போடவில்லை. போட்டால் அவரிடம் பாஸ்வேர்ட் கேட்கும். அவருக்குத்தான் அது கிடையாதே. டிக் இல்லாமலும் அவருக்கு எல்லாம் ஓடியது. அரைத்தது. எண்ணைப் போட்டால் ‘சேமிக்கப்பட்டது’ என்றது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அத்தை அரைக்கும் லென்ஸ்கள் பிரேமில் நுழைய மறுத்தன. அழுத்தினால் ஓரம் பெயர்ந்தது.

“முக்கால், காலையில எண்ணப் போட்டியா இல்லியா?”

“போட்டேன்க்கா. மைனஸ் முப்பத்தஞ்சு.”

“இங்க மைனஸ் பத்துன்னுல்ல இருக்கு. எனக்கென்ன கண்ணா தெரியல? கண்ணாடிக் கடைக்காரிகிட்டயே கதை விடுறியே.”

அவர் வந்து, அத்தையின் கணக்கை மூடி, தன் கணக்கில் திறந்து காட்டினார். மைனஸ் முப்பத்தைந்து. அத்தை மறுபடி தன் கணக்கில் திறந்தார். மைனஸ் பத்து. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புரோகிராமை மூடித் திறந்து பார்க்கச் சொன்னேன். எதற்கும் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். பயன் இல்லை. “சரி, எனக்கெதுக்கு வம்பு” என்று அத்தை தன் திரையிலேயே மைனஸ் முப்பத்தைந்து போட்டுக்கொண்டார். லென்ஸ்கள் உட்கார்ந்தன. விஷயம் முடிந்ததாக நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

பிறகு முக்கால் அண்ணன் சாணைச் சக்கரத்தை மாற்றினார். புதுச் சக்கரம், தேய்மானம் இல்லை. எண்ணைப் பூஜ்யம் ஆக்கினார். அத்தையிடம் சொல்லவும் செய்தார். “எல்லாம் பூஜ்யம் பண்ணிட்டேன்க்கா.” அத்தை தலையாட்டினார். அவர் திரையில் மைனஸ் முப்பத்தைந்து அப்படியே இருந்தது. அவர் பார்க்கவில்லை, பூஜ்யம் பண்ணியாயிற்று என்று சொன்ன பிறகு எதற்குப் பார்ப்பது?

அன்று மதியம் அரைத்த கண்ணாடி ஒரு பஸ் டிரைவருடையது. லென்ஸ் சிறிதாக வந்து, திருகு இறுக்கத்தில் எப்படியோ நின்றிருக்கிறது. மறுநாள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இடது லென்ஸ் கழன்று அவர் மடியில் விழுந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைக்கு வந்து, கவுண்டரில் லென்ஸையும் பிரேமையும் தனித்தனியாக வைத்தார்.

“ரெண்டையும் தனித்தனியா விக்கறீங்களா?” என்று கேட்டார். கத்தவில்லை. அதுதான் மாமாவை உலுக்கிவிட்டது.

அவர் போன பிறகு பின்னறையில் பேச்சு நடந்தது.

“பூஜ்யம்னு சொன்னான். மைனஸ் முப்பத்தஞ்சுல கிடக்கு,” என்றார் அத்தை. “நாம கேக்கும்போது ஒண்ணு காட்டுறான், நாம அரைக்கும்போது வேற ஒண்ணு இருக்கு. அட்மின் குடுக்கலன்னு மனசுல வச்சுக்கிட்டு வேலை காட்டுறான். நான் அன்னைக்கே நெனச்சேன்.”

மாமா முக்கால் அண்ணனைப் பார்த்தார். “நீ மாத்துனியா?”

“போட்டது நான். மாத்துனது நான் இல்ல முதலாளி.”

“பின்ன மெஷினே எந்திரிச்சு வந்து மாத்துச்சா?”

மாமா கொஞ்ச நேரம் வெர்னியரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, “இந்த மாசம் முடியட்டும். வேற இடம் பாத்துக்க,” என்றார்.

“பாத்துக்கறேன்,” என்றார் முக்கால் அண்ணன். “வேலை தெரியலன்னு சொல்லி அனுப்புங்க முதலாளி, கேட்டுக்கறேன். பொய் சொன்னேன்னு சொல்லி அனுப்பாதீங்க. இந்தத் தெருவுல இன்னும் நாலு கண்ணாடிக் கடை இருக்கு. எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசுறவங்க.”

அவர் மகள் எங்கள் தெருப் பள்ளியில்தான் படிக்கிறாள். நான் கவுண்டரில் நின்றுகொண்டு கண்ணாடிக் கேஸ்களைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அத்தை, முக்கால் அண்ணன் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் ஒரே எண் எப்படி இரண்டாக இருக்கும்? அதற்கு விடை இல்லாமல் நான் வாயைத் திறந்தால், நானும் ஒரு பக்கம் சேர்ந்தவளாகத்தான் ஆவேன்.

மறுநாள் வேலை இருப்பதுபோல் பின்னறைக்குப் போய் நின்று இருவரையும் கவனித்தேன். காலையில் முக்கால் அண்ணன் ஐகானைத் தட்டினார். புரோகிராம் நேராகத் திறந்தது. மதியம் அத்தை தட்டினார். திரை மங்கி, கேள்வி வந்தது. அத்தை அதைப் படிக்காமலே ‘ஆம்’ கொடுத்தார். ஈயை விரட்டுவதுபோல் இருந்தது அந்த விரல் அசைவு.

“அத்தை, இது தினமும் கேக்குதா?”

“கேக்கும். ஆமான்னா போயிடும். உங்க மாமா மாதிரிதான்.”

முக்கால் அண்ணனிடம் கேட்கவே இல்லை. அத்தையிடம் தினமும் கேட்கிறது. இதைக் கணக்கு வைத்த அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

வகுப்பில் மாஸ்டர் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். “பழைய புரோகிராமா? எல்லாரும் அட்மின்தான்னு நெனச்சு எழுதியிருப்பான். அது தன் கோப்ப எங்க வைக்குதுன்னு தேடிப் பாரு,” என்றார். அவ்வளவுதான், அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

தேடினேன். அந்த எண் இருக்கும் கோப்பு, புரோகிராமின் சொந்த போல்டரில் இருந்தது. அது பொது இடம். அட்மின் உரிமையோடு வருபவர் மட்டுமே அங்கே எழுத முடியும். அப்படியானால் சாதாரணமான முக்கால் அண்ணன் எழுதும்போது ‘முடியாது’ என்றல்லவா வர வேண்டும்? கம்ப்யூட்டர் முழுக்க அதே பெயரில் தேடச் சொன்னேன். இரண்டு கோப்புகள் வந்தன. இரண்டாவது, முக்கால் அண்ணனின் கணக்குக்குள், நான் அதுவரை திறந்தே பார்த்திராத ஒரு மூலையில் இருந்தது.

எனக்குப் புரிந்தது இது. பழைய புரோகிராம்கள் எழுத இடமில்லாமல் திணறிப்போய் நின்றுவிடக் கூடாது என்று சிஸ்டமே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. உரிமை இல்லாதவர் எழுதினால், மறுக்காமல், அவருக்கென்று தனியாக ஒரு நகலை எடுத்து அதில் எழுதிக்கொள்ளும். புரோகிராமுக்கும் அது தெரியாது. ‘சேமிக்கப்பட்டது’ என்று நிஜமாகவே நம்பிச் சொல்லும். அன்றிலிருந்து அவர் கணக்கில் திறந்தால் அவருடைய நகல்தான் தெரியும். அத்தை அட்மினாக ‘ஆம்’ கொடுத்து நுழைவதால் அவருக்குத் தெரிவது பொதுக் கோப்பு. கணக்குகளைப் பிரிக்கும் முன் கடைசியாகப் போட்ட மைனஸ் பத்து அங்கேயே நின்றிருந்தது. முக்கால் அண்ணன் தினமும் அளந்து, சரியாக, தனக்கு மட்டுமே எண் போட்டுக்கொண்டிருந்தார்.

புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. கணக்குகளைப் பிரித்தவள் நான். பத்து முறை சரிபார்த்தேன். பிறகு மாமாவையும் அத்தையையும் உட்காரவைத்து, இரண்டு கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து காட்டினேன். ஒன்றில் பூஜ்யம். மற்றதில் மைனஸ் முப்பத்தைந்து.

மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அவன் போட்டான்.”

“தினமும் போட்டாரு மாமா.”

“உங்க அத்தை பாத்ததும் நிஜம்.”

“அதுவும் நிஜம். நான்தான் அவர சாதாரணமாக்குனேன்.”

“நீ எங்க ஆக்குன? ஆக்கச் சொன்னது நான்,” என்று மாமா எழுந்துகொண்டார். முக்கால் அண்ணன் பிரேம் பூட்டும் மேஜைக்குப் போய்ப் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். “டீ குடிச்சியா?” என்றார். “குடிச்சேன் முதலாளி.” “இன்னொண்ணு குடி.” கையோடு கூட்டிவந்து திரையைக் காட்டினார்.

முக்கால் அண்ணன் இரண்டு எண்களையும் பார்த்தார். பிறகு, வேறு கடை ஒன்றில் பேசிவிட்டதாகச் சொன்னார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“அதான் தெரிஞ்சு போச்சே, இன்னும் எதுக்குப் போற?” என்றார் மாமா.

“இன்னைக்குத் தெரிஞ்சிருச்சு. நாளைக்கு வேற ஒண்ணு வரும். எண்ணப் போடுறது ரெண்டு கையின்னா, தப்பு வரும்போது ரெண்டுல ஒருத்தன் பொய்யனாவான். அது நானாத்தான் இருப்பேன்.” திரையை விட்டுப் பார்வையை எடுக்காமலே சொன்னார். “இருக்கச் சொன்னா இருக்கறேன். ஆனா எண்ண நான் மட்டும்தான் போடணும். எல்லாரும் பாக்கட்டும். நான் போடுறேன்.”

அத்தையின் முகம் இறுகியது. “எங்க கடையில எனக்குக் கை வைக்க உரிமை இல்ல. அப்படித்தான?”

மாமா என்னிடம் திரும்பி, “எடுத்துடு,” என்றார்.

அன்றே செய்தேன். பொதுக் கோப்பில் மட்டும் எழுதும் உரிமையை முக்கால் அண்ணனுக்குக் கொடுத்தேன். அதற்கு அவர் அட்மின் ஆக வேண்டியதில்லை. அவருடைய தனி நகலை அழித்தேன். அழிக்காவிட்டால் அவருக்கு மறுபடி அதுதான் தெரியும். இனி யாருக்கும் தனி நகல் உண்டாகாதபடி அந்த ஏற்பாட்டையும் அணைத்தேன். அட்மின் குழுவிலிருந்து அத்தையை எடுத்தேன். பிறகு என் பெயரையும் மாமாவின் பெயரையும் எடுத்தேன். வகுப்பில் சொன்னது அதுதான்: தினப்படி வேலைக்கு யாரும் அட்மினாக இருக்கத் தேவையில்லை. புதிய புரோகிராம் போட வேண்டிய நாளுக்கென்று தனியாக ஓர் அட்மின் கணக்கு இருந்தால் போதும். அதை உண்டாக்கி, பாஸ்வேர்டை அப்புறம் யோசிக்கலாம் என்று தற்காலிகமாக ஒன்றைப் போட்டுவைத்தேன்.

மறுநாள் மதியம் அத்தை என்னைக் கூப்பிட்டார். “இங்க வா. எடுத்துட்டேன்னு சொன்னியே, பாரு.”

திரை மங்கி, அதே கேள்வி. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அத்தை ‘ஆம்’ கொடுத்தார், திறந்தது. எண்ணின் மேல் கர்சரை வைத்துக் காட்டினார். மாற்றவில்லை. மாற்ற முடியும் என்று மட்டும் காட்டினார்.

இதையும் தப்பாகச் செய்துவிட்டேனா? பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கடையில் கம்ப்யூட்டரை இரவிலும் அணைப்பதில்லை; அத்தை முந்தின நாளிலிருந்து லாக் அவுட் செய்யவே இல்லை. சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதை மூடாமலே முக்கால் அண்ணன் அதே கம்ப்யூட்டரில் தன் கணக்கைத் திறந்து வேலை செய்திருக்கிறார். யார் அட்மின் என்பதை கம்ப்யூட்டர் உள்ளே நுழையும் வேளையில்தான் முடிவு செய்கிறது. நுழைந்தவர் வெளியே போகும்வரை அந்த முடிவு மாறாது. குழுவிலிருந்து பெயரை எடுத்தாலும், உள்ளே இருப்பவர் இருப்பவர்தான்.

“நீங்க வெளிய போயிட்டு வரணும் அத்தை.”

“போகலன்னா?”

“போகாதவரைக்கும் நீங்க அட்மின்தான்.”

அத்தை நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப இங்கயே இருக்கேன். சாப்பாடு இங்கயே குடுத்து அனுப்பு.”

முக்கால் அண்ணன் பிரேம் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. திருப்புளியைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அது கடையின் திருப்புளி அல்ல, அவர் சொந்தமாக வாங்கியது. அடுத்ததையும் துடைத்து வைத்தார்.

மாமா வாசலிலிருந்து, “கம்ப்யூட்டர அணைச்சுப் போடு, எல்லாம் போயிடும்,” என்றார்.

“கை வச்சுப் பாரு,” என்றார் அத்தை. என்னைப் பார்த்துச் சொன்னாரா மாமாவைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், உண்மையைச் சொன்னேன். “அத்தை, உங்க ஒருத்தர மட்டும் எடுக்கல. என் பேரையும் எடுத்துட்டேன். மாமா பேரையும்.”

“அவர் பேரையுமா?”

“ஆமா. இப்ப இந்தக் கடையில யாருமே அட்மின் இல்ல.”

அத்தை யோசித்தார். “உங்க மாமா லாக் அவுட் பண்ணாரா?”

நான் பார்த்தேன். ‘உள்ளே இருப்பவர்கள்’ பட்டியலில் மாமாவின் பெயர் இருந்தது. காலண்டர் சமாசாரம் முடிந்து புதுக் கணக்கில் நுழைந்தவர், அதிலிருந்து வெளியே வரவே இல்லை.

“இல்ல,” என்றேன்.

“ஏங்க,” என்று அத்தை வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. “இங்க வாங்க. ஊருக்கு எல்லாம் உபதேசம், நீங்க மட்டும் உள்ளயே உக்காந்திருக்கீங்க.”

“நான் எங்க உக்காந்திருக்கேன்? கவுண்டர்லல்ல இருக்கேன்.”

“வாங்கன்னா வாங்க.”

மாமா வந்தார். அத்தை எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மாமா தன் பாஸ்வேர்டை மறந்திருந்தார்; அத்தை சொல்லிக்கொடுத்தார். அவர் லாக் அவுட் செய்யும்வரை பின்னால் நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து தன்னுடையதைச் செய்தார். மறுபடி நுழைந்து ஐகானைத் தட்டினார். திரை மங்கியது. இந்த முறை பாஸ்வேர்ட் கேட்டது. அத்தை முதல்முறையாக அந்தக் கேள்வியை முழுவதும் படித்தார். அந்த டிக்கை நீக்கிவிட்டுக் காட்டினேன். கேள்வி இல்லாமல் திறந்தது. எண் தெரிந்தது. முக்கால் அண்ணன் காலையில் போட்ட எண்.

“அந்தப் பெரிய பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?” என்று அத்தை கேட்டார்.

“இப்போதைக்கு என்கிட்ட. எனக்கு வேண்டாம் அத்தை. பயமா இருக்கு.”

அத்தை திருப்புளிப் பெட்டியைப் பார்த்தார். “பாதி நான் போடுறேன். மீதி அவன் போடட்டும். ரெண்டு பேரும் இருந்தாத்தான் திறக்கணும்.”

இப்படி ஒரு முறையை வகுப்பில் சொல்லித்தரவில்லை. தப்பா சரியா என்று எனக்கு இப்போதும் தெரியாது. முக்கால் அண்ணன் எழுந்து வந்தார். அத்தை அடிக்கும்போது அவர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் அடிக்கும்போது அத்தை சுவரைப் பார்த்தார். உறுதிசெய்ய இரண்டாம் முறை அடிக்க வேண்டும். பொருந்தவில்லை என்றது.

“நான் சரியாத்தான் அடிச்சேன்,” என்றார் அத்தை.

“நானும்தான்க்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மாமாதான். மறுபடி அடித்தார்கள். ஏற்றுக்கொண்டது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. “ஒருத்தர் வேலைய விட்டுப் போயிட்டா? மீதிப் பாதிய யார்கிட்ட கேக்கறது?”

“யார் போறா?” என்றார் முக்கால் அண்ணன். பெட்டியைத் திறந்து திருப்புளிகளை மறுபடி மேஜையில் அடுக்க ஆரம்பித்தார். “அந்த டிரைவர் கண்ணாடிய எடு பாப்பா. லென்ஸ அக்கா புதுசா அரைக்கட்டும், நான் பூட்டறேன்.”